கணினிமொழியும் கைச்சம்பளமும்

பொன்மலை ரயில்வேத் தொழிற்சாலையிலேனும் திருவெறும்பூர் பெல் ஆலையிலேனும் ஊழியம் புரிந்து ஓய்வுபெற்ற பெரியோர் நம் நகரிற் பலர். இன்ன தரத்தில் இத்தனை ஆண்டு பணிசெய்தார்க்குச் சம்பளம் இவ்வளவு என்பது அவர்கள் காலத்தில் யாவரும் அறிந்த செய்தி. அவர்தம் பேரப்பிள்ளைகளோ ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலும் உறையூரிலும் இருந்துகொண்டு, முதுநிலை மென்பொருட் பொறியாளர்க்கு ஜாவாவினால் வருவாய் மிகுமோ, பைதானால் மிகுமோ என வினவுகின்றனர். கடன்பெற்றும் பயிற்சிக் கட்டணம் செலுத்தப் பெற்றோர் முற்படுதலின், இவ்வினா விளையாட்டன்று.

மொழிவாரியாகச் சம்பளங் கூறும் அட்டவணைகள் உள. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனம் 2023ஆம் ஆண்டில் உலகெங்குமுள்ள நிரலாளரை வினவித் தொகுத்த கணக்கில், ஜிக் என்னும் மொழியினர் முதலிடம் பெற்றனர். அவர்தம் ஆண்டு வருவாயின் நடுமதிப்பு ஏறக்குறைய 1,03,000 டாலர். டார்ட் மொழியினர்க்கோ 56,000 டாலரளவே. இதுகண்டு ஜிக் கற்கப் புறப்படுதல் பேதைமையாம். விடையளித்தோருள் நூற்றுக்கொருவர் கூட அம்மொழியை ஆள்பவரல்லர். இன்னும் முற்றுப்பெறாத மொழியொன்றைத் தொட்டுப் பார்ப்போர் பெரும்பாலும் பிற மொழிகளில் நெடுங்காலம் பழகியவரே. கைப்பேசிச் செயலிகட்குப் பயன்படும் டார்ட்டிலோ, புதிதாகத் தொழிலுக்கு வந்த இளைஞரும், சம்பளங் குறைந்த நாட்டினரும் மிகுதி. மொழி அவர்கட்குப் பொருளீட்டித் தந்ததன்று. பொருளீட்டும் நிலையிலிருந்தோர் அம்மொழியை நாடிச் சென்றனர் என்பதே பொருந்தும்.

அருமைப்பாடே விலையை உயர்த்தும் என்பாருமுளர். கோபால் என்பது 1959இல் உருவாக்கத் தொடங்கிய பழைய மொழி. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணத்தில் வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பங்கள் வெள்ளமெனக் குவிய, பழங்கணினிகளைச் செப்பனிடக் கோபால் அறிந்தார் வேண்டுமென ஆளுநர் வெளிப்படையாக அழைத்தார். ஆயினும் அவர் அழைத்தது சம்பளமின்றி உதவும் தொண்டர்களையே!

சம்பளத்தைப் பெரிதும் வரையறுப்பது நிறுவனத்தின் வாணிபமுறையாகும். சேவை நிறுவனம் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஆளுக்கு இவ்வளவென்று கட்டணம் வாங்குவது. அக்கட்டணத்தை மீறி ஊழியர்க்குக் கொடுக்க அதனால் இயலாது. தானே ஒரு மென்பொருளைச் செய்து விற்கும் நிறுவனத்திற்கும், பெங்களூரில் சொந்த அலுவலகம் நடத்தும் அயல்நாட்டு வங்கிக்கும் அத்தடையில்லை. ஆதலின் ஒரே ஜாவாவை ஒரே பத்தாண்டு பயின்ற இருவருள் ஒருவர் மற்றவரின் இருமடங்கு பெறுதலுமுண்டு. நவல்பட்டு எல்காட் பூங்காவில் கிடைப்பது சென்னையினும் குறைவாயிருத்தல் கூடும். எனினும் சொந்த இல்லத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து பணிக்குச் செல்பவர், அங்கே வாடகைக்குப் போவது எவ்வளவென்று கணக்கிட்டபின்னரே குறைபட்டுக்கொள்ளல் தகும்.

இனி, சொல்லப்படும் தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு. சி.டி.சி. எனப்படுவது ஊழியர்பொருட்டு நிறுவனம் ஏற்கும் முழுச்செலவு. உதாரணமாக ஆண்டுக்கு 24 லட்சம் எனவும், அதிற் பாதி அடிப்படைச் சம்பளம் எனவும் கொள்வோம். அவ்வடிப்படையில் நூற்றுக்கு 12 வீதம் நிறுவனத்தின் சேமநிதிப் பங்கு 1,44,000 ரூபாய். பணிக்கொடைக்கு ஏறத்தாழ 57,700. வேலைத்திறன் நோக்கித் தருவதாகக் கூறும் மாறுதொகை பத்திலொரு பங்கு, 2,40,000. ஊழியரின் சேமநிதிப் பங்காக இன்னுமொரு 1,44,000 பிடிக்கப்படும். எஞ்சியதைப் பன்னிரண்டால் வகுப்பின், மாதம் இரண்டு லட்சம் என்று மகிழ்ந்திருந்தவர்க்கு வருமானவரிக்கு முன்னரே ஒன்றரை லட்சத்துச் சொச்சம்தான் வரும். சேமநிதியும் பணிக்கொடையும் பிற்காலத்திற்கு உதவுவன, மாறுதொகையோ நிச்சயமற்றது.

ஆகவே நேர்முகத் தேர்வுக்குச் செல்வோர் நிலையான பகுதி எவ்வளவு என்பதை எழுத்திற் கேட்டுப் பெறுக. விலகுவதற்குரிய முன்னறிவிப்புக் காலம், பல நிறுவனங்களில் உள்ளதுபோல், மூன்று திங்களா என்பதையும் வினவுக. சேருங்கால் கொடுக்கும் ஊக்கத்தொகையை ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித்தர வேண்டுமென்ற விதி, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருத்தல் வழக்கம்.