டிபன் டப்பாவில் கூட்டாஞ்சோறு! தேங்காய் சட்னி மட்டும் வேண்டாம்!

சென்னை,

துறைமுகம், கப்பல் கட்டும் தளம், 2010-ல் திறந்த கடல்நீர் குடிநீர் ஆலை... காட்டுப்பள்ளிக்குக் காலை ஷிப்டு போகிறவர்கள் விடியுமுன்னே பஸ் பிடிக்க வேண்டும். ஆளுக்கொரு டப்பா கொண்டு வந்து, பத்துப் பேர் கூடிச் சாப்பிட்டால் அதுதான் கூட்டாஞ்சோறு!

ஆனால் ஒரு டப்பா கெட்டால் பத்து வயிறும் கெடும். தினக்கூலிக்காரருக்கு அன்றைய சம்பளமும் போச்சு!

என்ன கொண்டு போகலாம்?

பொடி இட்லி: இட்லி ஆறிய பிறகு மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய் தடவி அடுக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பிசுபிசுக்கும்.

புளியோதரை: புளிக்காய்ச்சலை ஞாயிற்றுக்கிழமையே செய்து வைக்கலாம். காலையில் சாதம் வடித்துக் கிளறினால் வேலை முடிந்தது. புளியும் எண்ணெயும் சீக்கிரம் கெட விடாது.

எலுமிச்சை சேமியா: கால் மணி நேர வேலை. அடுப்பை அணைத்த பிறகே பழம் பிழிய வேண்டும். இல்லாவிட்டால் கசக்கும்.

உஷார்!

தேங்காய் சட்னியை வீட்டோடு விட்டு விடுங்கள். வெக்கையில் முதலில் ஊசிப் போவது அதுதான். பதிலுக்கு நன்றாக வதக்கிய தக்காளித் தொக்கு எடுத்துப் போகலாம்.

ராத்திரி மிஞ்சிய சாதத்தைக் காலையில் கிளறுவது ஆபத்து. வெளியே கிடந்த சாதத்தில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமி பெருகும். அது கக்கும் விஷம் மறுபடி சூடு செய்தாலும் போகாது.

சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே, ஷிப்டு தொடங்குமுன்னே டப்பாவைப் பிரித்து விடுவது உத்தமம்!