பழைய தோல் கைப்பை: துடைப்பதற்கு முன் அறிய வேண்டியவை

அலமாரியின் மேல்தட்டில், உடுத்தாத புடவைகளுக்கு அடியில், ஒரு பழைய தோல் கைப்பை கிடப்பது பல குடும்பங்களில் காணக்கூடியதே. தாயார் பணிக்கு எடுத்துச் சென்றதாக இருக்கலாம். உறவினர் ஒருவர் பயன்படுத்திவிட்டுக் கொடுத்ததாக இருக்கலாம். பழம்பொருள் கடையில் குறைந்த விலைக்கு வாங்கியதாகவும் இருக்கலாம். நல்ல தோலால் செய்த பை, முறையாகப் பேணினால், ஒரு தலைமுறையைக் கடந்தும் உழைக்கும். புதியதொன்று வாங்கும் செலவை அது மிச்சப்படுத்தும். ஆனால், பல ஆண்டுகள் உழைத்த பை ஒரே நாளில் கெடுவதும் உண்டு. அந்த நாள் பெரும்பாலும் அதைச் சுத்தம் செய்ய நாம் எடுத்த நாளாகவே இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு அவ்வாறு இரண்டு பைகள் வந்தன. ஒன்று, எங்கள் அத்தை ஆசிரியையாக இருந்தபோது கொல்கத்தாவில் வாங்கி, பணி ஓய்வு பெறும் வரை தோளில் சுமந்த சாந்திநிகேதன் பை. மற்றொன்று, மும்பையின் சோர் பஜாரில் பேரம் பேசி வாங்கிய கறுப்புப் பை. இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சோப்பு நீரால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினோம். கறுப்புப் பை பளபளத்தது. அத்தையின் பையிலோ சிவப்பும் மஞ்சளுமாக இருந்த பூவேலைப்பாட்டின் மீது கருந்திட்டுகள் பரவின. அவை இன்றுவரை நீங்கவில்லை. செய்தவர்கள் அதே மனிதர்கள். செய்த முறையும் ஒன்றே. வேறுபாடு தோலில் இருந்தது. அதை அறிந்துகொள்ளாமல் துணியைக் கையில் எடுத்ததே எங்கள் பிழை.

பதனிடும் முறையும் மேற்பூச்சும்

விலங்கின் தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். பதனிடாவிட்டால் அது அழுகிவிடும். பதனிடும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. முதலாவது, மரப்பட்டை, காய் முதலியவற்றின் துவர்ப்புச் சத்தால் பதனிடுவது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் நெடுங்காலமாக ஏற்றுமதியானது. அது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற மற்றொரு பொருளான சாந்திநிகேதன் பையும் இவ்வாறு தாவர முறையில் பதனிட்ட ஆட்டுத்தோலில்தான் செய்யப்படுகிறது. இரண்டாவது, குரோமியம் உப்பால் பதனிடுவது. இன்று உலகில் உற்பத்தியாகும் தோலில் பெரும்பகுதி இவ்வகையே.

பதனிட்ட பின் தோலின் மேற்பரப்புக்கு இறுதி வேலை நடைபெறும். சில தோல்களுக்குச் சாயம் மட்டுமே ஏற்றப்படும். நுண்துளைகள் திறந்தே இருக்கும். வேறு சிலவற்றின் மீது வண்ணப் பூச்சு ஒரு மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். எங்கள் கறுப்புப் பையைக் காத்தது அந்தப் படலமே. எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றுவிட்டது. அத்தையின் பைக்கு அந்தக் காப்பு மிகக் குறைவு. எண்ணெயை அது குடித்துவிட்டது.

கையில் இருப்பது எது?

முதலில், அது தோல்தானா என்று பார்க்க வேண்டும். வெட்டு விளிம்பிலோ உட்புறத்திலோ இழை இழையாகத் தெரிந்தால் தோல். துணியின் மீது ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியது போலத் தெரிந்தால் அது ரெக்சின் வகை. பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல், ஈரக்காற்றில் சில ஆண்டுகளிலேயே சிதைந்து செதில் செதிலாக உரியும். அவ்வாறு உரியத் தொடங்கிய பையை எந்த எண்ணெயாலும் மீட்க இயலாது. அதற்குச் செலவிடும் பணம் வீண்.

தோல்தான் எனத் தெரிந்தபின், வெளியே தெரியாத ஓர் இடத்தில், அடிப்பகுதியிலோ மடிப்பின் உட்புறத்திலோ, ஒரு துளி நீர் விடுங்கள். துளி முத்துப்போல் நின்றால் மேற்பூச்சு உள்ள தோல். சில நொடிகளில் உறிஞ்சப்பட்டு அவ்விடம் கருத்தால் மேற்பூச்சற்ற தோல். அதில் எதைத் தடவினாலும் உள்ளே இறங்கும். வெல்வெட்டைப் போல் மென்மயிர் எழுந்த ஸ்வேட் தோலாயின் நீரையும் எண்ணெயையும் முற்றிலும் தவிர்த்து, மென்மையான தூரிகையையும் பென்சில் அழிக்கும் ரப்பரையும் மட்டும் பயன்படுத்துங்கள்.

இதற்குப் பின் எந்தப் பொருளைப் பயன்படுத்தினாலும், அதே மறைவிடத்தில் முதலில் தடவி, ஒருநாள் காத்திருந்து, நிறம் மாறவில்லை என்று உறுதி செய்த பின்னரே வெளிப்புறத்துக்கு வரவேண்டும்.

பூஞ்சையும் வாடையும்

மழைக்காலம் நீண்ட நம் நாட்டில் பழைய பையின் முதல் பகை பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைக் கடந்து நீடித்தால் அது வளரத் தொடங்கும். பூஞ்சை படிந்த பையை வீட்டுக்குள் தட்டக்கூடாது. வித்துகள் பரவி மற்றப் பொருள்களிலும் ஏறும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மாடியிலோ முற்றத்திலோ நிழலில் வைத்து, உலர்ந்த மென்துணியால் துடைத்தெடுங்கள். அந்தத் துணியைக் கழித்துவிடுங்கள். பிறகு வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து, அதில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் மெல்ல ஒற்றித் துடைத்து, காற்றோட்டமான நிழலில் உலரவிடுங்கள்.

வெயிலில் காயவைப்பதும், ஹேர் டிரையரால் சூடேற்றுவதும் கூடாது. ஈரமுற்ற தோல் வெப்பத்தில் சுருங்கி விறைக்கும். சுருங்கிய இழை மீண்டும் விரியாது. உள்ளே வாடை இருப்பின், ஒரு திறந்த கிண்ணத்தில் சமையல் சோடாவோ கரித்துண்டோ இட்டு, பைக்குள் சில நாள் வைத்திருங்கள். சோடா தோலின் மீது சிந்தக்கூடாது.

துடைத்தல்: குறைவே நிறைவு

தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது. சோப்பும் சமையல் சோடாவும் காரத்தன்மை கொண்டவை. காரம் பட்டால், குறிப்பாகத் தாவர முறையில் பதனிட்ட தோல், கருத்து வறளும். ஆகவே, அன்றாட அழுக்குக்கு நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். பிடிவாதமான அழுக்குக்குத் தோலுக்கெனவே விற்கும் காரமற்ற துப்புரவுத் திரவத்தைத் துணியில் சிறிதளவு எடுத்துப் பயன்படுத்தலாம். ஓரிடத்தில் மட்டும் அழுத்தித் தேய்க்காமல், ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை சீராகத் துடைத்தால் வளையக் கறை விழாது.

எண்ணெய்க் கறையின் மீது சோளமாவையோ முகப்பவுடரையோ தூவி, ஓரிரவு விட்டு, மறுநாள் தட்டிவிடுங்கள். கறை புதிதாயின் பெரும்பகுதி வந்துவிடும். பால்பாயிண்ட் பேனாக் கறைக்கு நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பயன்படுத்த வேண்டாம். மையோடு தோலின் நிறத்தையும் அது கரைத்துவிடும்.

தாவரப் பதத் தோலில் இரும்புக் குமிழ், ஊசி ஆகியவற்றைச் சுற்றிக் கருநீல வளையம் காணப்படுவதுண்டு. அது அழுக்கன்று. தோலிலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்ததால் விளைந்த நிறம். கடுக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்து முற்காலத்தில் எழுதும் மை தயாரித்ததும் இதே வினையால்தான். தேய்த்தால் அது போகாது. துருப்பிடித்த குமிழை மாற்றினால் மேலும் பரவாமல் தடுக்கலாம்.

மெருகு ஊட்டுதல்

பதனிடும்போது தோலின் இழைகளுக்கிடையே ஏற்றப்படும் எண்ணெய்ச் சத்து ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். அதனாலேயே பழைய தோல் விறைத்து வெடிக்கிறது. அதை ஈடுசெய்ய, தோலுக்கான கண்டிஷனரை மிக மெல்லிய படலமாகத் தடவி, சில மணி நேரம் விட்டு, உலர்ந்த துணியால் தேய்த்து மிகுதியை எடுத்துவிட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை போதும். தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெயும் உகந்தவையல்ல; மேற்பூச்சற்ற தோலைக் கருக்கச் செய்யும், தூசியை ஈர்க்கும். ஷூ பாலிஷும் கைப்பைக்கு ஏற்றதன்று. அதன் நிறம் புடவையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும்.

தையலும் விளிம்பும்

பழைய பையில் முதலில் தளர்வது கைப்பிடி உடலோடு சேரும் இடத்துத் தையல். இயந்திரத் தையலில் ஓரிழை அறுந்தால் பக்கத்துத் தையல்களும் வரிசையாக அவிழும். ஆகவே, இரண்டு மூன்று கண்கள் விட்டபோதே தைத்துவிடுவது நல்லது. இதனை வீட்டிலேயே செய்யலாம்.

தைக்க வேண்டிய நீளத்தைப் போல் நான்கு மடங்கு மெழுகு நூல் எடுத்து, இரு முனைகளிலும் முனை மழுங்கிய ஊசிகளைக் கோத்துக்கொள்ளுங்கள். மெழுகு நூல் இல்லையெனில், உறுதியான பாலியஸ்டர் நூலைத் தேன்மெழுகின் மீது இரண்டு முறை இழுத்தால் போதும். நன்றாக உள்ள தையலில் இரண்டு கண்கள் பின்னாலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கண்ணிலும் ஓர் ஊசியை முன்னிருந்தும் மற்றொன்றைப் பின்னிருந்தும் செலுத்தி, சீராக இழுங்கள். இவ்வகைத் தையலில் ஓரிழை அறுந்தாலும் மற்றொன்று தாங்கி நிற்கும். பழைய துளைகளையே பயன்படுத்துங்கள். துளைக்கருகே புதிய துளை இட்டால், தாளில் துளையிட்டுக் கிழிப்பது போல் தோல் அந்த வரிசையிலேயே கிழியும்.

பிரிந்த விளிம்புகளுக்குச் செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசை ஏற்றது. இரு பக்கத்திலும் மெல்லத் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலரும் வரை காத்திருந்து, பிறகு அழுத்திச் சேர்க்க வேண்டும். சன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நொடியில் ஒட்டும் பசைகள் இறுகி விறைப்பதால், வளையும் தோலில் நிலைக்காது.

ஜிப் இறுக்கமாக ஓடினால் அதன் பற்களில் மெழுகுவத்தியை மெல்லத் தேய்க்கலாம். மூடிய பின்னும் பற்கள் பிரிந்தால் பெரும்பாலும் பழுது ஓடியில்தான் இருக்கும். குறட்டால் அதன் இரு பக்கங்களையும் மிகச் சிறிதளவு நெருக்கினால் சரியாகும். பித்தளைக் கொக்கிகளுக்குப் புளி தேய்க்கும் பழக்கத்தைப் பையில் கடைப்பிடிக்க வேண்டாம். அமிலம் வழிந்து தோலில் கறை படியும். முலாம் பூசியவையாயின் முலாமும் போய்விடும். உலர்ந்த துணியே போதுமானது.

எங்கே நிறுத்துவது?

கைப்பிடி முழுவதையும் மாற்றுதல், புது ஜிப் தைத்தல், பெரிய கிழிசல், முழுப் பைக்கும் நிறமேற்றல் ஆகியவை அனுபவமுள்ள கைவினைஞரின் வேலை. கொடுக்கும் முன் கூலியைக் கேட்டறிந்து, அதே தரத்தில் புதிய பை வாங்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நினைவுக்காகப் பேணும் பைக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது.

பழைய பை வாங்குவோர் கைப்பிடியின் அடி, மூலைகள், உள்துணியின் வாடை, ஜிப் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு விலை பேசுவது நலம். நம் நாட்டுப் பாம்பு, முதலை ஆகியவற்றின் தோலில் வணிகம் செய்வதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு இன்னொரு குறிப்பு. பழைய பையை விற்பதற்கோ பிறருக்குக் கொடுப்பதற்கோ முன், எல்லா உள்ளறைகளையும் உள்துணியின் கிழிசல்களையும் கைவிட்டுத் துழாவுங்கள். காசோலைத் தாள், டெபிட் அட்டை, ஆதார் நகல் ஆகியவை அங்கேதான் ஒளிந்திருக்கும். வாங்கிய பையில் பிறருடைய அட்டை இருந்தால், அந்த வங்கியின் கிளையில் ஒப்படைத்துவிடுங்கள்.

பாதுகாத்து வைத்தல்

பையை வெற்றுத்தாளால் நிரப்பி, வடிவம் குலையாமல் வையுங்கள். செய்தித்தாளின் மை உள்துணியில் படியும், அதனைத் தவிர்க்கவும். பாலித்தீன் உறை ஈரத்தைப் பூட்டி வைக்கும். பழைய பருத்தித் தலையணை உறையே சிறந்தது. உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் இடுங்கள். மழைக்காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள்.

அத்தையின் பையில் விழுந்த கறையை எங்களால் நீக்க இயலவில்லை. விட்டிருந்த தோள்வார்த் தையலை மட்டும், பழைய துளைகளிலேயே, இரண்டு ஊசிகள் கொண்டு தைத்துக் கொடுத்தோம். அவர் கறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாரை இருமுறை இழுத்துப் பார்த்தார். மறுநாள் ஓய்வூதியம் எடுக்க அந்தப் பையோடுதான் வங்கிக்குப் புறப்பட்டார்.