ஐந்தாவது நகர்த்தலும் கடிகாரமும்

ரேபிட் செஸ்ஸில் ஓப்பனிங் நல்லதா கெட்டதா என்று கேட்டால், பலரும் கம்ப்யூட்டர் காட்டும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அந்த எண்ணுக்குக் கடிகாரமும் தெரியாது, ஸ்கோரும் தெரியாது. 2016 நவம்பர் 30 அன்று நியூயார்க்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப் டை-பிரேக்கரின் நான்காவது ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 12 கிளாசிக்கல் ஆட்டங்கள் 6-6 என முடிந்ததால், ஆளுக்கு 25 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 10 விநாடி என்ற ரேபிட்டில் பட்டம் தீர்மானமாக வேண்டியிருந்தது. மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது மேக்னஸ் கார்ல்சன் 2-1 என முன்னிலை. வெள்ளைக் காய்களும் அவருக்கே, டிரா போதும். செர்கேய் கர்ஜாகினுக்கோ வென்றே ஆக வேண்டும்.

அந்தப் போட்டி முழுக்க வெள்ளையின் ராஜா முன் சிப்பாய்க்குத் தன் ராஜா முன் சிப்பாயாலேயே பதில் சொல்லிவந்த கர்ஜாகின், அன்று சிசிலியனுக்குத் தாவினார். வேறு வழியில்லை, சரியான முடிவுதான். ஆனால் கார்ல்சன் ஐந்தாவது நகர்த்தலில் ராணிப் பக்கக் குதிரையை எடுக்காமல், எஃப்-சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். குதிரை வழக்கம்போல் சி3-க்கு வந்திருந்தால் சி-சிப்பாயின் வழி அடைபடும். நஜ்டோர்ஃப், டிராகன் என்று கறுப்புக்குப் பிடித்த கலவரங்களுக்கும் கதவு திறக்கும். இ4 சிப்பாய்க்கு எஃப்-சிப்பாய் காவல் நின்றதால், ஏழாவது நகர்த்தலில் சி-சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து டி5 மீது பிடி போட்டது. கறுப்பு வழக்கமாக நம்பும் மையத் தாக்குதல் அதோடு முடங்கியது.

இதற்கு விலை உண்டு. கறுப்பின் ஏ-சிப்பாய் விரட்டியதில், பி3-ல் இருந்த வெள்ளைக் குதிரை ஒன்பதாவது நகர்த்தலில் முதல் வரிசைக்கே, சி1-க்கு, ஓடிப்போனது. கிளாசிக்கலில் இதைக் கோழைத்தனம் என்றுகூடச் சொல்வார்கள். இங்கே கணக்கு வேறு. உடைத்து உள்ளே போகும் வழியைத் தேடி நிமிடங்களைக் கரைக்க வேண்டியவர் கர்ஜாகின். கார்ல்சன் காத்திருந்தாலே போதும்.

ஆட்டத்தை முடித்தது 50-வது நகர்த்தலில் எச்6-ல் ராணியைக் கொடுத்ததுதானே, ஓப்பனிங்குக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். ராஜா வெட்டினால் ஒரு யானை எச்8-ல் மேட். சிப்பாய் வெட்டினால் இன்னொரு யானை எஃப்7-ல் மேட். அந்த அழகு ஓப்பனிங்கில் பிறந்தது என்று நானும் சொல்ல மாட்டேன். பாதிப் பெருமை ஸ்கோருக்குத்தான். ஆனால் கர்ஜாகினின் பலம் தாக்குதல் அல்ல, தற்காப்பு. இரண்டாவது ஆட்டத்தில் தோல்வியின் விளிம்பிலிருந்து ஸ்டேல்மேட் வரை இழுத்துக்கொண்டு போய்த் தப்பியவர் அவர். அந்தத் திறமைக்கு நான்காவது ஆட்டத்தில் வேலையே வைக்காத ஓப்பனிங்கைத்தான் கார்ல்சன் தேர்ந்தெடுத்தார்.