இருவருக்கும் ஒரே விடுமுறை

இத்தாலி நாட்டின் பழம்பெரும் நகரங்களைக் காணச் செல்வோர் அங்கே இரு செல்வங்களைக் கண்டு வியப்பர். ஒன்று, கல்லில் உறைந்து நிற்கும் வரலாறு. சியன்னா நகரின் சிப்பி வடிவப் பெருமுற்றமும், லூக்கா நகரைச் சுற்றி இன்றும் சிதையாது நிற்கும் மதிலும், பாறைக் குன்றின் மீது எழுந்த ஓர்வியேத்தோ நகரின் பேராலயமும் அதற்குச் சான்று. மற்றொன்று, அவசரமின்றி அமர்ந்து உண்ணும் பண்பாடு. மாலை வேளையில் கணவனும் மனைவியும் சேர்ந்து தெருக்களில் உலாவி வருவர். அவ்வுலாவிற்கு ‘பஸ்ஸெஜாத்தா’ என்று அம்மக்கள் பெயரிட்டுள்ளனர். ஓரிடம் போய்ச் சேரவேண்டும் என்னும் எண்ணமின்றிச் சேர்ந்து நடப்பதே அதன் பயன்.

இத்தகைய பயணம் செல்வர்க்கே உரியது என்று நம் தொழிலாளர் குடும்பங்கள் எண்ணிவிடுகின்றன. விமானக் கட்டணத்தைக் கணக்கிட்டால் அது மெய்யே. ஆயினும் வரலாற்று நகரங்களையும் தனிச்சுவை உணவுகளையும் நாடித் தம்பதியர் இருவரும் சேர்ந்து செல்வதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் வாழும் குடும்பங்களுக்கு அது பேருந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. அப்பயணம் ஏன் வேண்டும் என்பதையும், ஓர் இளந்தம்பதியர் அதனை எவ்வாறு மேற்கொண்டனர் என்பதையும் இங்குக் காண்போம்.

ஒரே கூரை, வெவ்வேறு நேரம்

ஸ்ரீபெரும்புதூர் நேற்றுத் தோன்றிய ஊர் அன்று. வைணவ ஆசாரியர் இராமானுசர் 1017-ஆம் ஆண்டில் இங்குப் பிறந்தார் என்பது மரபு. 1991 மே 21 அன்று முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி இங்குக் கொல்லப்பட்டபோது உலகமே இவ்வூரின் பெயரை அறிந்தது. 1998-இல் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. கண்ணாடி, மின்னணுக் கருவி, லாரி, மோட்டார் சைக்கிள், உதிரிபாகம் என ஆலைகள் பெருகின. ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த சிற்றூர்களில் இன்று தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த இளையோர் வாடகை வீடுகளில் குடியிருக்கின்றனர்.

ஆலைகள் பல இரவிலும் உறங்குவதில்லை. காலை ஷிப்டு, மதிய ஷிப்டு, இரவு ஷிப்டு என மனிதர் மாறிமாறி வர, இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் இதனால் நேர்வது யாது?

நம் பங்கைச் சார்ந்த ஓர் இளந்தம்பதியரை நான் அறிவேன். கணவர் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையிலும், மனைவி மின்னணுக் கருவிகளை இணைக்கும் ஆலையிலும் பணிபுரிகின்றனர். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள உறவினர் அருகில் இல்லாமையால், ஒருவர் வேலையில் இருக்கும்போது மற்றவர் வீட்டில் இருக்குமாறு வெவ்வேறு ஷிப்டைத் தாமே கேட்டுப் பெற்றனர். கணவரை இறக்கிவிடும் கம்பெனிப் பேருந்தும் மனைவியை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்தும் ஒரே நிறுத்தத்தில் கால்மணி நேர இடைவெளியில் வந்து நிற்கும். அந்தக் கால்மணி நேரமே அவர்களுடைய இல்லறம். குழந்தையைக் கைமாற்றிக் கொள்வதும், பால் காய்ச்சியாயிற்றா, வாடகை கொடுத்தாயிற்றா என்று வினவுவதுமே அவர்களுடைய உரையாடல்.

குடி, சூது போன்ற தீமை எதுவும் அவ்வீட்டில் நுழையவில்லை. ஆயினும் கசப்பு நுழைந்தது. “நீ வேலையை விட்டுவிடு” என்றார் கணவர். “ஊரில் கட்டிய வீட்டின் கடனை யார் அடைப்பது?” என்றார் மனைவி. இரண்டு கூற்றிலும் நியாயம் உண்டு. ஆனால் அமர்ந்து பேசித் தீர்க்க நேரம் இல்லை. ஒருமுறை மனைவி குழந்தையுடன் தாய்வீடு சென்றவர் ஒரு மாதம் வரை திரும்பவில்லை.

பின்னர் இருவரும் பங்கு இல்லத்திற்கு வந்தனர். யார் குற்றவாளி என்று நான் விசாரிக்கவில்லை. “நீங்கள் இருவரும் ஒன்றாக அமர்ந்து கடைசியாக உணவருந்தியது எப்பொழுது?” என்று மட்டும் கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர், விடை வரவில்லை. ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, குழந்தையைப் பாட்டியிடம் ஒப்படைத்து, இருவரும் எங்கேனும் சென்று வருமாறு கூறினேன். “வேளாங்கண்ணிக்குத்தானே ஃபாதர்?” என்றார் அப்பெண். நம் குடும்பங்கள் அறிந்த பயணம் அது ஒன்றே. இரவுப் பேருந்தில் சென்று, நேர்ச்சையை நிறைவேற்றி, மறுநாள் இரவே திரும்பிவிடுவோம். அது பக்தி, அதற்குரிய இடம் அதற்கு உண்டு. இது வேறு.

ஐந்து நாள் பயணம்

முதல் நாள் காஞ்சிபுரம். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அவ்வளவு அருகில் வாழ்ந்தும் அவர்கள் அந்நகரைப் பார்த்ததில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் மணற்கல்லால் எழுப்பிய கைலாசநாதர் கோயிலைக் கண்டனர். கிறிஸ்தவர் பிற சமயக் கோயில்களைப் பார்க்கலாமா என்று வினவுவோர் உளர். பிற சமயத்தாரையும் அவர்தம் பண்பாட்டையும் மதிக்கும்படி 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நம்மைப் பணித்தது. காலணியைக் கழற்றி, வழிபடுவோருக்கு இடையூறின்றி, முன்னோரின் கலைத்திறனைக் கண்டு மகிழ்வதில் தவறில்லை.

நெசவாளர் தெரு ஒன்றில் பட்டுச்சேலை உருவாவதைப் பார்த்தனர். உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து, இரண்டும் பிரியாதவாறு இழையோடு இழை கோக்கும் முறைக்குக் ‘கோர்வை’ என்று பெயர். வழிவழியாக வந்த அம்முறைக்குத் தறியில் ஒருவர் போதாது. நெசவாளருக்குப் பக்கத்தில் துணையாள் ஒருவரும் அமர்ந்து நாடாவைக் கைமாற்ற வேண்டும். “நாங்கள் குழந்தையைக் கைமாற்றுவது போல” என்று அப்பெண் பின்னர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

நண்பகலில் காஞ்சிபுரம் இட்லி உண்டனர். வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படும் இவ்விட்லியை மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி நெடுநேரம் ஆவியில் வேகவைப்பர். அதனால் குடலை இட்லி என்றும் பெயர்.

இரண்டாம் நாள் மாமல்லபுரம். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 1984-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்ட இடம் இது. பாறையைக் குடைந்து செதுக்கிய ஐந்து இரதங்களையும், அருச்சுனன் தவம் என்று வழங்கும் மாபெரும் பாறைச் சிற்பத்தையும் கண்டனர். இங்கேதான் சண்டை மூண்டது. கணவர் எதனையும் கண்ணால் பாராமல் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். மனைவி கோபித்துக்கொண்டு தனியே போய்க் கடற்கரையில் அமர்ந்துவிட்டார். இதுவே வீடாயின், பேருந்து வந்துவிட்டதென்று கணவர் கிளம்பிப் போயிருப்பார். இங்குப் பேருந்துக்கு அவசரமில்லை. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு அருகே சென்று அமர்ந்தார். இருட்டும் வரை பேசினார்கள். வீட்டுக்கடன், மாமியார், குழந்தையின் பள்ளி என மூன்றாண்டுப் பேச்சு அன்று வெளிவந்தது. பிறகு சுடச்சுட மீன் வறுவல் வாங்கி உண்டனர்.

மூன்றாம் நாள் புதுச்சேரி. 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் நிலைநிறுத்திய பிரெஞ்சுக் குடியேற்றம், 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சியின் கீழ் வந்தது. கால்வாயின் ஒருபுறம் பிரெஞ்சுக்காரர் பகுதி, மறுபுறம் திண்ணைவீடுகள் நிறைந்த தமிழர் பகுதி. 1791-இல் கட்டி முடிக்கப்பட்ட அமலோற்பவ அன்னை பேராலயத்தில் திருப்பலி கண்டனர். பிரெஞ்சு முறையில் சுட்ட நீண்ட ரொட்டியை மீன்குழம்பில் தொட்டு உண்டனர். கடற்கரைச் சாலையில் மாலைநேரத்தில் வாகனங்களை நிறுத்திவிடுவர். நடப்போர்க்கே அச்சாலை உரியதாகும். இத்தாலியர் ஊர்தோறும் உலாவும் உலாவை நம் தம்பதியர் அங்கே பெயரறியாமலே உலாவினர்.

நான்காம் நாள் தரங்கம்பாடி. டென்மார்க்கு நாட்டினர் 1620-இல் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை கடலை நோக்கி நிற்கின்றது. 1706-இல் இங்கு வந்திறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு தமிழைக் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1715-இல் அது இங்கேயே அச்சேறி முடிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய கரைகளுள் இதுவும் ஒன்று. சிறிய உணவுக்கடையில் சோறும் மீன்குழம்பும் உண்டு, மாலையில் கும்பகோணம் சேர்ந்தனர்.

ஐந்தாம் நாள் காலை, பித்தளை டவரா தம்ளரில் கும்பகோணம் டிகிரி காப்பி வந்தது. கணவர் வழக்கம்போல் மனைவியின் காப்பியில் சர்க்கரையைக் கூட்டச் சொன்னார். “நான் சர்க்கரையை விட்டு ஒரு வருடம் ஆகிறது” என்றார் மனைவி. ஒரே வீட்டில் வாழும் கணவர்க்கு அது தெரியாது. காலைக் காப்பியைச் சேர்ந்து பருகியிருந்தால் அன்றோ தெரியும்! “அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டது ஃபாதர்” என்றார் அவர். இட்லிக்குப் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கடப்பாவை ஊற்றிக்கொண்டு, அன்று ஒரு மணி நேரம் பலகாரம் உண்டனராம்.

தாராசுரத்துச் சிற்பங்களைக் கண்டபின் தஞ்சை சென்றனர். இராசராச சோழன் 1010-இல் நிறைவுசெய்த பெரிய கோயிலின் சுவர்களில், கோயிலைச் சமைத்த பெருந்தச்சனின் பெயர் உண்டு; அங்குப் பணிபுரிந்த ஆடல்மகளிர் நானூற்றுவரின் பெயரும் அவர்கள் குடியிருந்த வீடும் பொறிக்கப்பட்டுள்ளன. “நாங்கள் செய்யும் காரில் எங்கள் பெயர் எங்கும் இல்லையே ஃபாதர்” என்றார் கணவர். எண்ணிப் பார்க்கவேண்டிய சொல் அது. ஆலை நம்மை எண்ணால் அறியும். பெயரால் அறிந்து, காப்பிக்குச் சர்க்கரை வேண்டுமா என்பதுவரை அறியவேண்டியது இல்லம்.

மெல்ல உண்ணும் கலை

1986-இல் உரோமை நகரின் புகழ்பெற்ற ஸ்பானியப் படிக்கட்டுகளுக்கு அருகே அமெரிக்க விரைவுணவுக் கடை ஒன்று திறக்கப்பட்டபோது இத்தாலியர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். கார்லோ பெத்ரீனி என்பவர் தலைமையில் எழுந்த ‘மெது உணவு’ இயக்கத்தின் சின்னம் நத்தை. ஊருக்குரிய உணவைக் காத்தலும், அதனைப் பிறரோடு சேர்ந்து நிதானமாக உண்ணுதலும் அதன் கொள்கை. 1999-இல் ஓர்வியேத்தோ முதலிய சில இத்தாலிய ஊர்கள் ஊர்வாழ்க்கையையே அவ்வாறு அமைத்துக்கொள்ள முற்பட்டன.

நமக்கு இது புதிய பாடம் அன்று. குடலை இட்லி வேகும் வரை காத்திருந்தவர் நம் முன்னோர். இன்று கம்பெனி கேண்டீனில் சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் பழக்கம் வீட்டிற்குள்ளும் வந்துவிட்டது. ஒருவர் உண்ணும்போது மற்றவர் உறங்குகிறார். உணவு மேசை வெறிதாகும் வீட்டில் உள்ளங்களும் தொலைவாகிவிடும்.

புறப்படுவோர்க்குச் சில சொற்கள்

1. ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு சலுகை அன்று; உரிமை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே, தகுதியுள்ள தொழிலாளருக்கு இருபது வேலை நாளுக்கு ஒரு நாள் என அதனை வகுத்தது. இன்று தமக்குரிய நாள் எத்தனை என்பதை இருவரும் தத்தம் ஆலையில் கேட்டறிந்து, ஒரே வாரத்தில் பெற முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்க்கு இது கடினமாகலாம். அவர்கள் இருவரின் வார விடுப்பையும் ஒரே நாளில் அமைத்து, காஞ்சிபுரம் அளவிலேனும் சென்று வரலாம்.

2. கடன் வாங்கிச் செல்லவேண்டா. நம் தம்பதியர் மிகைநேர வேலையின் கூலியில் ஒரு பகுதியை மாதந்தோறும் தனியே சேர்த்தனர். அரசுப் பேருந்து, எளிய விடுதி, ஊர்க்கடை உணவு இவையே போதுமாயின.

3. குழந்தையைப் பாட்டி தாத்தாவிடம் சில நாள் விட்டுச் செல்வது பாவம் அன்று. பெற்றோர் ஒருவரோடொருவர் இணங்கி வாழ்வதே குழந்தைக்கு நாம் அளிக்கும் பெருஞ்செல்வம். பெரியவர்களே, இதற்கு முகம் சுளிக்காதீர்.

4. இடங்களைக் குறைத்துக்கொள்க, அமரும் நேரத்தைக் கூட்டிக்கொள்க.

இப்பயணத்தால் எல்லாம் மாறிவிட்டது என்று நான் கூறேன். வீட்டுக்கடன் தீரவில்லை. ஷிப்டும் மாறவில்லை, குழந்தை பள்ளி செல்லும் வரை மாறவும் வழியில்லை. ஒன்று மட்டும் மாறியது. இருவரும் தத்தம் மேலாளரிடம் பலமுறை கேட்டு, வார விடுப்பை ஞாயிற்றுக்கிழமையாகவே பெற்றுக்கொண்டனர். திருப்பலி முடிந்தபின் மூவரும் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். கைப்பேசிகள் அலமாரியில் இருக்கும்.

அன்பு வாசகர்களே! உங்கள் இல்லத்தில் கணவனும் மனைவியும் கடைசியாக ஒன்றாக உண்டது எப்பொழுது? விடை சொல்லத் தயக்கம் நேர்ந்தால், வரும் மாதத்து ஷிப்டுப் பட்டியலை இன்றே இருவரும் எடுத்து வைத்துப் பாருங்கள். இருவருக்கும் பொதுவான ஒரு நாளையேனும் அதில் குறித்துக்கொள்ளுங்கள்.