ஒரு தம்ளர் அரிசியும் ஒரு தம்ளர் மாவும் ஏன் ஒரே எடை இருப்பதில்லை?

200 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரே தம்ளரில் தண்ணீரை நிரப்பி நிறுத்தால் ஏறத்தாழ 200 கிராமும், அரிசியை நிரப்பினால் 160 முதல் 170 கிராமும், சலித்த கோதுமை மாவை நிரப்பினால் 100 கிராம் அளவுமே தராசு காட்டுவதைக் கண்டு நீங்கள் ஆச்சரியப்பட்டதுண்டா?

தண்ணீர் இடைவெளியின்றிப் பாத்திரத்தை நிறைக்கிறது. தானியத்திலும் மாவிலுமோ துகளுக்கும் துகளுக்கும் நடுவே காற்று குடியிருக்கிறது. அரிசிமணிகளாவது வழுக்கி இறங்கி ஓரளவு நெருங்கிவிடும்; மாவின் நுண்ணிய துகள்கள், தம் கனம் அற்பமாதலாலும், ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் சுபாவம் உடையனவாதலாலும், விலகியே நிற்கின்றன.

இனி இடமே இல்லை என்று தோன்றும் பேருந்தில், நடத்துநர் குரல் கொடுத்து, வண்டியும் ஒருமுறை குலுங்கிய பிறகு, இன்னும் சிலர் ஏறிவிடுகிறார்கள் அல்லவா? தம்ளரைத் தட்டி மாவை அமுக்கினாலும் அதுவே நிகழ்கிறது. தம்ளர் மாறாமலே எடை 120 கிராமைத் தாண்டிவிடும்.

உப்பின் விஷயம் வேறு. இடைவெளி இருந்தபோதிலும், அதன் ஒவ்வொரு துகளும் இயல்பிலேயே கனமானதாகையால், தூள் உப்பு அதே தம்ளரில் 240 கிராம் வரை நிற்கும். எண்ணெயோ, இடைவெளியற்ற திரவமாயினும், தண்ணீரைவிட லேசானதாகையால் சுமார் 185 கிராமோடு நின்றுவிடும்.

ஆகவே, கிராமைத் தம்ளராக மாற்ற எல்லாப் பொருளுக்கும் பொதுவான கணக்கு ஒன்று கிடையாது. உங்கள் வீட்டுத் தம்ளரில் தலைதட்டி அளந்த ஒவ்வொரு பொருளையும் ஒருமுறை நிறுத்து, அந்தப் பட்டியலை அடுக்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள். மாவை மட்டும் எப்போதும் தராசிலேயே நிறுத்துக்கொள்ளுங்கள்.