யாருக்கு எத்தனை மணி நேரம்?

2025 ஜூன் முதல் வாரம், ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரம். வெளியே பாலைவன வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்துகிறது. உள்ளே, மின்சாரம் உறையவைத்த ஐஸ் தரையில் பெண்களுக்கான ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கி நடக்கிறது. முடிவில் பிலிப்பைன்ஸுக்குத் தங்கம், ஈரானுக்கு வெள்ளி, செவாங் சுஸ்கித் தலைமையில் ஆடிய இந்தியாவுக்கு வெண்கலம். இந்த விளையாட்டில் நம் பெண்கள் இவ்வளவு உயரம் போனது அதுவே முதல் முறை. அணியில் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் இந்தச் செய்தி யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்: “அவங்க ஊர்ல பனி கொட்டுது, ஆடுறாங்க. நமக்கு எங்க?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மேடையில் நம்மைவிட மேலே நின்ற பிலிப்பைன்ஸில் பனியே பெய்வதில்லை. ஆகவே ஒரு பெண்கள் அணியை உண்டாக்குவது பனிதானா, வேறு ஏதாவதா என்பதைக் கொஞ்சம் துருவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பனிக்குப் பஞ்சமில்லாத ஊரிலிருந்தே தொடங்கலாம். பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 56 லட்சம். 2011 கணக்கெடுப்பிலேயே சென்னைப் பெருநகரத்தில் 86 லட்சம் பேர் இருந்தார்கள். அந்தச் சின்ன நாட்டின் பெண்கள் அணி 1998 நகானோ, 2010 வான்கூவர், 2018 பியோங்சாங், 2022 பெய்ஜிங் என்று நான்கு ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியிருக்கிறது. 2019 உலகப் போட்டி அவர்கள் மண்ணில், எஸ்போ நகரில் நடந்தது. அரையிறுதியில் கனடாவை 4-2 என்று வீழ்த்தி, கனடாவும் அமெரிக்காவும் மட்டுமே மோதிவந்த இறுதி ஆட்டத்துக்குள் முதல் முறையாக வேறொரு நாட்டை நுழைத்தார்கள். கூடுதல் நேரத்தில் அவர்கள் போட்ட கோலை நடுவர்கள் செல்லாது என்று அறிவிக்க, ஷூட் அவுட்டில் அமெரிக்காவிடம் தோற்றார்கள். பின்லாந்தில் அந்தக் கோலைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. பின்லாந்தில் ஆண்களின் தேசிய ஐஸ் ஹாக்கிப் போட்டி 1928-லேயே தொடங்கிவிட்டது. பெண்களின் லீக் தொடங்கியதோ 1982-ல். இடையில் 54 வருடங்கள். அத்தனை வருடமும் குளங்கள் உறைந்துகொண்டுதான் இருந்தன, அதே ஐஸ்தான். லீக் வந்து எட்டே வருடத்தில், 1990-ல் நடந்த முதல் உலகப் போட்டியிலேயே பின்லாந்துப் பெண்கள் வெண்கலம் வாங்கினார்கள். பனிதான் காரணம் என்றால் அந்த 54 வருடம் அது ஏன் ஒன்றும் செய்யவில்லை?

இந்த ஆட்டத்தின் அமைப்பைப் பார்த்தால் விடை பிடிபடும். ஓர் அணியில் கோல்கீப்பரையும் சேர்த்து ஆறு பேர் ஒரே நேரத்தில் களத்தில் நிற்பார்கள். ‘பக்’ எனப்படும் கெட்டி ரப்பர் வட்டைக் கட்டையால் தள்ளிக் கோலுக்குள் அனுப்ப வேண்டும். 20 நிமிடமாக மூன்று பகுதிகள். ஆனால் யாரும் தொடர்ந்து 20 நிமிடம் ஆட மாட்டார்கள்; முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள், அடுத்த கூட்டம் உள்ளே பாயும். அதனால் ஏறக்குறைய 20 பேர் ஒரே தரத்தில் தயாராக இருந்தால்தான் அணி. ஊருக்கு ஒரு மேதை பிறந்தால் சதுரங்கத்தில் உலகத்தை வெல்லலாம், இங்கே அது நடக்காது. 20 பெண்கள், பல வருடம், வாரத்தில் பல மணி நேரம் அந்தத் தளத்தில் கால் பதித்திருக்க வேண்டும். தளம் இருப்பது ஒன்று, அதில் பெண்ணுக்கு நேரம் கிடைப்பது இன்னொன்று.

லடாக்கின் கதையும் இதையேதான் சொல்கிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரில் 1970-களில் ராணுவத்தினர் ஐஸ் ஹாக்கி ஆடத் தொடங்கினார்கள், உள்ளூர் ஆண்கள் தொற்றிக்கொண்டார்கள். கர்சூ குளம் உறைவதற்காக ஊரே காத்திருக்கும். பெண்களோ, பையன்கள் ஆடி முடித்த பிறகு மிச்சம் இருக்கும் நேரத்தில், இரவல் ஸ்கேட்ஸ் மாட்டிக்கொண்டு பழகினார்கள். சோனம் வாங்சுக் தொடங்கிய செக்மோல் பள்ளியின் மாணவிகள் எங்களையும் ஆடவிடுங்கள் என்று கேட்டுப் போராட வேண்டியிருந்தது. இந்தியப் பெண்கள் அணி முதல் முதலாக வெளிநாட்டுக்குப் போனது 2016-ல்தான், தைபேக்கு. அதற்கான பணத்தையும் பொதுமக்களிடம் திரட்டினார்கள். அடுத்த வருடம் பாங்காக்கில் முதல் வெற்றி வந்தது. தோற்ற அணி பிலிப்பைன்ஸ், கணக்கு 4-3. ஆம், அதே பிலிப்பைன்ஸ். எட்டு வருடத்தில் தங்கம் அவர்களுக்கும் வெண்கலம் நமக்கும் என்று வரிசை மாறிவிட்டது. மணிலாவில் பெரிய மால்களுக்குள் வருடம் முழுக்க ஐஸ் ரிங்க் ஓடுகிறது. லேயில் இயற்கைப் பனி நிற்பது இரண்டு மாதம், மிஞ்சினால் கொஞ்சம் கூட. இமயமலை நம்முடையது, ஆனால் ஆடக் கிடைக்கும் மாதங்கள் வெப்பமண்டலத் தீவுக்காரர்களுக்கே அதிகம்.

ஐஸுக்கும் குளிருக்கும் சம்பந்தம் விட்டுப்போய் வெகு காலமாகிறது என்பதைச் சென்னைக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்க 1842-ல் ஃபிரடெரிக் டியூடர் கட்டியது. பிறகு இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஹாக்கி ரிங்க்கும் அந்த இயந்திரத்தின் வாரிசுதான்: கான்கிரீட் தளத்துக்கு அடியில் குழாய்கள், அவற்றில் உறையாத குளிர்திரவம், மேலே மெல்ல மெல்ல ஊற்றி உறையவைத்த மூன்று செண்டிமீட்டர் ஐஸ். 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 54,000 லிட்டர் தண்ணீர் வருகிறது. கோடையில் சேலையூரிலோ மேடவாக்கத்திலோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சம்பில் இறங்கும் 12,000 லிட்டர் லாரிகளில் நாலரை லாரி. கேட்பதற்கு பயமாக இருந்தாலும் தண்ணீர் பெரிய சிக்கல் இல்லை, ஒரு முறை ஊற்றியதை வைத்துக்கொண்டு தேய்மானத்தை மட்டும் ஈடுகட்டினால் போதும். சிக்கல் மின்சாரம். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

“அப்படியானால் தாம்பரத்தில் ஐஸ் ரிங்க் கட்டச் சொல்கிறாயா? மழை வந்தால் முடிச்சூரும் வரதராஜபுரமும் முழங்கால் தண்ணீரில் நிற்கின்றன, முதலில் வடிகாலைக் கட்டுங்கள்” என்று ஒருவர் கோபித்துக்கொண்டால் அவர் பக்கமே நியாயம். கட்டடம் கட்டினால் அணி வந்துவிடும் என்பதற்கு எதிர்சாட்சியும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் ஹிமாத்ரி ஐஸ் ரிங்க்கைக் கட்டினார்கள். போட்டி முடிந்தது. ஓட்டும் செலவு தாங்காமல் மூடிப் போட்டார்கள். பல வருடம் தூங்கிக் கிடந்த பிறகு 2025-ல்தான் முறையாகத் திறந்தார்கள். லே பெண்கள் குளம் உறையக் காத்திருந்த வருடங்களில் அந்த அரங்கம் பூட்டிக் கிடந்தது என்பதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. ஆகவே நான் கேட்பது ரிங்க் அல்ல. இருக்கிற தளத்தில் நேரம்.

இருக்கிற தளம் என்று எதைச் சொல்வது? சக்கரத்தை. ஐஸ் ஸ்கேட்டிங்கும் ரோலர் ஸ்கேட்டிங்கும் வேறு வேறுதான், நிறுத்துவதும் விளிம்பில் சாய்வதும் மாறும். ஆனால் உடம்பின் சமநிலை, இடுப்பைத் தாழ்த்தித் தள்ளும் உதை, வளைவில் கால் மாற்றுவது ஆகியவை பொது. பனியே இல்லாத தமிழகம் 2025 ஜனவரியில் லேயில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் ஐஸ் ஸ்கேட்டிங் தங்கம் வாங்கியது அதனால்தான் சாத்தியமானது. அதற்கு முன்பே, 2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் ரோலர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய இந்தியப் பெண்கள் நால்வரில் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரி ராஜ் இருவரும் தமிழகத்தவர்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் தங்கமே வாங்கினார். தென்சென்னைப் புறநகரில் ஞாயிறு காலை எந்தப் பூங்காவுக்குப் போனாலும் முழங்கால் பேட், முழங்கை பேட், ஹெல்மெட் சகிதம் குழந்தைகள் வளைந்து வளைந்து ஓடுவதைப் பார்க்கலாம். பெண் குழந்தைகள் கணிசமாக இருப்பார்கள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ட்யூஷன் ஒரு பக்கம், ‘வயசுக்கு வந்த பொண்ணு’ என்ற பேச்சு இன்னொரு பக்கம். இன்லைன் ஹாக்கி என்ற ஆட்டத்துக்கு சக்கர ஸ்கேட்ஸும் கட்டையும் சமதளமும் போதும். ஐஸ் ஹாக்கிக்கு அடுத்த வீட்டு ஆட்டம் அது. திறமை இங்கே இல்லை என்ற வாதம், இந்தப் பதக்கங்களுக்குப் பிறகு எடுபடாது.

பணம்? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லடாக் ஐஸ் ஹாக்கிக்குக் கைகொடுத்த பெரிய ஸ்பான்சர் ராயல் என்ஃபீல்டு. லடாக் அரசின் விளையாட்டுத் துறையோடு சேர்ந்து திட்டம் போட்டு, 2024 முதல் லேயில் தன் பெயரிலேயே ஒரு லீக் நடத்துகிறது, அதில் பெண்கள் அணிகளும் ஆடுகின்றன. அந்த நிறுவனத்தின் தலைமையகம் சோழிங்கநல்லூரில், தொழிற்சாலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும். முடிச்சூரிலிருந்தும் மண்ணிவாக்கத்திலிருந்தும் விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறிப் படப்பை தாண்டி ஷிப்டுக்குப் போகிறவர்களின் உழைப்பில் ஒரு துளி லே பெண்களின் கால் ஸ்கேட்ஸாகப் போய்ச் சேர்கிறது என்று சொன்னால் மிகையில்லை. இமயத்துக்குப் போகும் வண்டியை விற்கிறவர்கள் இமயத்து விளையாட்டுக்குச் செலவழிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரகடம் போகும் அந்தச் சாலையில் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கின்றன. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. அதில் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை என்கிறது. விளையாட்டுப் பயிற்சியையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு மாணவிக்கு வேண்டிய ஸ்கேட்ஸும் தடுப்புக் கவசமும் கம்பெனிக் கணக்கில் தூசு.

பணத்தைவிடப் பெரிய ஆட்சேபணை வீட்டில் வரும். “ஆடி என்ன ஆகப் போகிறது?” லடாக்கில் இதற்குப் பதில் சொன்னது இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை. ஐஸ் ஹாக்கி ஆடும் பெண்களை வேலைக்கு எடுத்துத் தனி அணியே வைத்திருக்கிறது. மாதச் சம்பளம் வந்ததும் வீட்டில் பேச்சு மாறியது. நம் பக்கமும் உதாரணம் உண்டு: கடலூரிலிருந்து வந்து இந்திய கால்பந்து அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் தமிழகக் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இருந்தாலும் இதை மட்டுமே நம்பி வாதாட எனக்கு விருப்பமில்லை. பின்லாந்து லீகில் ஆடும் பெண்களில் பலர் இன்றும் வேலையோ படிப்போ பார்த்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். பையன் மாலையில் கிரவுண்டுக்குப் போவதற்கு யாரும் வேலைவாய்ப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. பெண்ணிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

கடைசியாக, “பையன்களுக்கே இடம் போதவில்லை, இதில் பங்கு வேறா?” என்ற முணுமுணுப்பு. இடம் போதாது என்பது உண்மை. போதாத இடத்தைத்தான் பங்கு பிரிக்க வேண்டும். தாராளமாக இருப்பதை யாரும் பிரிப்பதில்லை. 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழகச் சட்டம் சொல்கிறது. அதை வைத்துத் தேர்தலும் நடந்தது, வானம் இடிந்து விழவில்லை. மன்றத்தில் ஏற்றுக்கொண்ட கணக்கை மைதானத்தில் ஏற்றுக்கொள்ளத் தடை என்ன? மாநகராட்சியின் விளையாட்டுத் திடல்களிலும் ஸ்கேட்டிங் தளங்களிலும் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை வாரத்தில் மூன்று நாள் பெண்களுக்கு என்று கேட்டில் ஒரு பலகை, எரியும் விளக்கு, பூட்டாத கழிப்பறை, சம்பளத்துக்கு ஒரு பெண் பயிற்சியாளர். பயிற்சியாளரைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில்தான் இருக்கிறது. வருடாவருடம் அங்கிருந்து பட்டம் வாங்கி வெளியே வரும் பெண்கள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.