உங்களுக்குத் தெரியுமா? கல்லூரி வாசலில் காத்திருந்த பாடம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் லூயி கிராம்ப்டன், பெர்னாட் ஷா நாடகங்களில் ஊறியவர். 1970-ல் தன்பாலீர்ப்பு குறித்து ஒரு பருவப் பாடம் நடத்தினார். அந்நாட்டில் இந்தத் துறையின் முதல் பாடங்களில் ஒன்று அது. இப்படிப் பாடம் நடத்தவே கூடாது என்று மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மசோதா கொண்டுவந்தார். மசோதா நிறைவேறவில்லை, பாடமும் மறுபடி நடக்கவில்லை. கிராம்ப்டன் விடவில்லை. பண்டைய கிரேக்கம் முதல் சீனா, ஜப்பான் வரை தன்பாலீர்ப்பின் வரலாற்றை 600 பக்கங்களுக்கும் மேல் எழுதினார். 2003-ல் அதை வெளியிட்டது ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம்.

தன்பாலீர்ப்பு மனநோய் என்று டாக்டர்கள் அடித்துச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. யுசிஎல்ஏ பல்கலைக்கழக உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கரிடம், தன்பாலீர்ப்பு கொண்ட தங்களைப் பற்றியும் ஆராயும்படி அவருடைய முன்னாள் மாணவர் ஒருவர் வற்புறுத்தினார். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் 30 பேர். வயதிலும் படிப்பிலும் அறிவுத்திறனிலும் அவர்களுக்கு இணையான மற்ற ஆண்கள் 30 பேர். பல்கலைக்கழகத்துக்கு வந்து போவது யார் கண்ணிலாவது பட்டால் வேலையே போய்விடும். அதனால் தன் வீட்டுத் தோட்டத்துச் சிறு குடிலிலேயே ஹூக்கர் சோதனைகளை நடத்தினார். மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனையும் அதில் உண்டு. பிறகு விடைகளைப் பெயர் மறைத்து நிபுணர்களிடம் கொடுத்து, யார் எவர் என்று பிரித்துக் காட்டச் சொன்னார். ரோர்ஷாக்கில் பழம் தின்று கொட்டை போட்ட புரூனோ கிளாப்ஃபரும் அவர்களில் ஒருவர். குருட்டாம்போக்கில் சொன்னால் எத்தனை சரியாக வருமோ, அவ்வளவுதான் வந்தது. ஆய்வு 1957-ல் அச்சேறியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்தது 1973-ல். சான்று கையில் இருந்தும் 16 ஆண்டுகள்!

பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919-ல் தொடங்கிய பாலியல் ஆய்வு நிறுவனத்தை 1933 மே 6-ல் சூறையாடியவர்கள், நாஜிகளை ஆதரித்த மாணவர்கள். நான்கே நாளில் அதன் நூல்கள் நடுச்சதுக்கத்தில் எரிந்தன. படிக்க வந்தவர்களே புத்தகத்தைக் கொளுத்தினார்கள் என்பதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

அமெரிக்காவில் தன்பாலீர்ப்பு ஆய்வுக்கென்று தனித்துறை முதலில் தொடங்கியது பெரும்புகழ் பல்கலைக்கழகம் எதிலும் அல்ல. 1989-ல், சான்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில்.

யேல் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும்போது, வளாகத்திலேயே தான் ஒருவன்தான் இப்படி என்றெண்ணி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் நாடகாசிரியர் லாரி கிராமர். பிழைத்து, பெயர்பெற்று, 1997-ல் இந்தப் படிப்புக்காகப் பெருந்தொகை தர முன்வந்தார். யேல் மறுத்துவிட்டது. அவருடைய அண்ணன் ஆர்தர் 2001-ல் 10 லட்சம் டாலர் கொடுத்தபோது ஏற்றுக்கொண்டது. தம்பியின் பெயரிலேயே தொடங்கிய ஆய்வுத் திட்டம் 2006-ல் முடிந்தது. இன்னும் நீடித்திருக்க வேண்டிய திட்டம்.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்காக ஊர் ஊராகப் பணம் திரட்டிய நமக்கு இது நன்றாகவே புரியும்: அதே ஹார்வர்டில் 2009-ல் பாலினம், பாலீர்ப்பு ஆய்வுக்கென வருகைதரு பேராசிரியர் பதவி உருவானதும் முன்னாள் மாணவர்கள் திரட்டிய 15 லட்சம் டாலரால்தான்.

திருநர் ஆய்வுக்கான உலகின் முதல் இருக்கை, கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் 2016-ல் அமைந்தது.

2021-ல் மதுரையைச் சேர்ந்த தன்பாலீர்ப்பு இணையரான இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். தீர்ப்பு எழுதும் முன் மாணவராக அமர்ந்த அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பாடத்திட்டங்களில் திருத்தம் வேண்டும் என்றும் அந்த வழக்கில் அவர் உத்தரவிட்டார். பெண்களுக்கிடையிலான உறவை ‘இயற்கைக்கு மாறான குற்றம்’ என்று எம்.பி.பி.எஸ். தடயவியல் பாடம் சொல்லிக்கொடுத்து வந்தது, அது திருத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையத்தின் புதிய வழிகாட்டுதலில் அதே வரி மீண்டும் முளைத்தது. எதிர்ப்பு கிளம்பவே, செப்டம்பர் முதல் வாரத்திலேயே ஆணையம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.